கார் ஷெட்டுக்கு ஒரு ஜன்னல்

ரங்கூனின் தாகேதா பகுதியில் இருந்த தங்கள் வீட்டுக் கார் ஷெட்டை மனைவிக்குத் தையலறையாக்கித் தருவதாகச் சொன்ன தங்கையா, பனி கொட்டும் நாட்டுக்காரன் ஒருவனின் வீடியோவைப் பார்த்து, சூடு வெளியே போகாதபடி சுவரெல்லாம் பஞ்சு அடைத்து, இருந்த ஒரே ஜன்னலையும் பலகையால் மூடிவிட்டார். பத்து நிமிடம் தைத்துப் பார்த்த செல்லக்கண்ணு வியர்வையில் குளித்து வெளியே வந்தாள். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்முன், தூங்கிக்கொண்டிருந்த கணவருக்குச் சீட்டு எழுதினாள்:

“என்னங்க, ரங்கூன்ல எங்கே பனி பெய்யுது? என்னை வேக வைக்கவா ரூம் கட்டினீங்க? பத்து மணிக்குத் தச்சர் கோ தூரா வருவார். பஞ்சைப் பிரிச்சு, ஜன்னலுக்கு வழி பண்ணச் சொல்லுங்க. வீடியோவைக் காட்டி அவரையும் குழப்பாதீங்க. சாப்பிட மொஹிங்கா சூப் அடுப்புமேல இருக்கு. நேத்து நான் கத்தினது கத்தினதுதான்.”

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

“ஜன்னல் பழைய இடத்துல வேணாம். தெருப் பக்கம் வைக்கச் சொல்லுங்க. நீங்க வர்றது எனக்குத் தெரியணும்.”