பதினோராவது நிமிடத்திலிருந்து

ராஜகீழ்ப்பாக்கம்,
10.4.1988, ஞாயிறு, பகல் 2 மணி.

எப்சியின் அப்பாவுக்கு,

ஞானஜோதி எழுதுவது. ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்குவதுதான் நம் வீட்டு வழக்கம். இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை. நீங்கள் தம்மாமில் சுகமாக இருப்பதாக, உங்கள் ரூமிலிருந்து லீவில் வந்திருக்கும் ஏசுதாசன் சொன்னார். உடம்பு ஒரு சுற்று பெருத்திருப்பதாகவும் சொன்னார். சந்தோஷம்.

என் சுகத்தை நீங்கள் உங்கள் அக்காவிடம் விசாரித்திருக்கிறீர்கள். என்னிடம் கேட்கவில்லை. பதில் என்னிடம்தான் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்பு நான்கு வருடம் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் இருந்தவள் நான். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதுவதுதான் வேலை. வேலையை விடச் சொன்னீர்கள், விட்டேன். பழக்கம் விடவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தில் தேதியும் நேரமும் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள். ரூமில் சத்தமாகப் படிக்க வேண்டாம்.

எனக்கு டி.பி. இல்லை. இருப்பது இதுதான்: மூச்சை உள்ளே இழுக்கிறேன், அது ஓர் இடம் வரை போய் நின்றுவிடுகிறது. இன்னும் ஒரு விரற்கடை இறங்கினால் நெஞ்சு நிறையும், இறங்குவதில்லை. தோளைத் தூக்கி மறுபடி இழுக்கிறேன். ஐந்தாறு தடவைக்கு ஒன்று அடிவரை போகும். அந்த நிம்மதி அரை நிமிடம் நிற்காது. இழுத்தும் வராவிட்டால் வாயைத் திறந்து ஒரு கொட்டாவியை வரவழைக்க வேண்டும். அது முழுசாக வந்தால் மூச்சும் கூடவே இறங்கும். பாதியில் நின்றால், வர இருந்த தும்மல் வராமல் போனதுபோல எரிச்சல்தான் மிச்சம். சாயங்காலத்துக்குள் தாடை வலிக்கிறது. தூக்கத்தில் வருவதில்லை போலிருக்கிறது. காலையில் பல் தேய்க்கும்போது ஞாபகம் வரும், உடனே தொடங்கிவிடும்.

சும்மா இருந்துவிடவில்லை. மருந்துக் கடைக்காரர் வாயு என்றார், ஓம வாட்டர் குடித்தேன். ஜன்னல் பக்கமே உட்கார்ந்து பார்த்தேன். ரவிக்கையைத் தளர்த்தித் தைத்துக்கொண்டேன். மூச்சை நினைக்காமல் நூறு வரை எண்ணிப் பார்த்தேன், முப்பதைத் தாண்டியதில்லை.

தொடங்கியது போன வருடம் செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி வாக்கில். அன்று வேறு விசேஷம் எதுவும் இல்லை. உங்கள் ரத்தினபாய் அக்கா கூடுவாஞ்சேரியிலிருந்து வந்திருந்தார். நீங்கள் அவருக்கு எழுதிய கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்துக் காட்டினார். காண்டிராக்டை இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாக அதில் எழுதியிருந்தீர்கள். படித்து முடித்து, "என்ன ஜோதி, வாயைத் தொறந்துகிட்டு நிக்கிற?" என்று கேட்டார். அப்போது இழுத்த மூச்சுதான் முதல் மூச்சு.

அடுத்தது கேசட். ஜனவரி 10-ஆம் தேதி நானும் எப்சியும் பேசிப் பதிவு செய்து, தம்மாமுக்குத் திரும்பிய ஒருவர் கையில் கொடுத்தனுப்பினோம். முதல் பக்கம் முழுக்க, முப்பது நிமிடம். அதை நீங்கள் தனியாகக் கேட்பீர்கள் என்று நினைத்தேன். ஐந்து பேரோடு உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள். "மச்சான், உன் பொண்டாட்டிக்கு உன்கூடப் பேசறதே போர் அடிக்குதுடா" என்று சாலமோன் சொன்னதையும், எல்லோரும் சிரித்ததையும் நீங்களே எனக்கு எழுதினீர்கள். நான் வேண்டுமென்றே பெருமூச்சு விட்டு உங்களை அவமானப்படுத்திவிட்டேன் என்றும் எழுதினீர்கள். அதே தபாலில் அக்காவுக்கும் ஒரு கடிதம் போயிருக்கிறது. அது அப்போது எனக்குத் தெரியாது.

அக்கா அதைப் படித்துவிட்டு, இது திமிர் இல்லை, டி.பி. வியாதி என்று முடிவு கட்டினார். மார்ச் 6, ஞாயிறு, ஆராதனை முடிந்து நேரே இங்கே வந்தார். எனக்கென்று ஒரு தட்டும் ஒரு டம்ளரும் ஒதுக்கி, டம்ளரின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தார். பிறகு எப்சியின் துணிகளை ஒரு பையில் போட்டு, ஆட்டோவில் ஏற்றினார். "தம்பி எழுதிட்டான். டெஸ்ட் எடுத்துக் குணமாகிற வரைக்கும் பிள்ளை எங்கிட்ட இருக்கட்டும்" என்றார். ஏழு வயதுப் பிள்ளை, ஸ்கூல் பையையும் எடுத்துக்கட்டுமா என்று என்னைப் பார்த்துக் கேட்டது. வேண்டாம், நாலு நாள்தானே என்று அக்கா பதில் சொன்னார். இன்றோடு முப்பத்தைந்து நாள்.

தண்ணீர் எடுத்துக் கொடுக்க வரும் அஞ்சம்மாளுக்கு அந்தப் பொட்டைக் காட்டி, அதைத் தொடக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அஞ்சம்மாள் அந்த டம்ளரிலேயே காப்பி கேட்டு வாங்கிக் குடித்தாள். "இன்னாம்மா, இத்தப் போயி பொட்டு வெச்சிகினு கீறாங்க. கொட்டாவி வுட்டா காச நோவா? அப்ப எங்கூட்டுக்காரு எப்பயோ பூட்டிருக்கணும்" என்றாள். இந்த ஏழு மாதத்தில் நான் சிரித்தது அன்று ஒரு தடவை.

டெஸ்ட் எடுத்தேன். மார்ச் 21, 22, 23 மூன்று நாளும் விடிந்ததும் சளியை டப்பாவில் பிடித்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். 28-ஆம் தேதி டாக்டர் சத்தியநாதன் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "நுரையீரல் சுத்தமா இருக்கும்மா. சளியிலயும் ஒண்ணும் இல்ல. இது யாருக்கும் ஒட்டாது" என்றார். எப்போதெல்லாம் வருகிறது என்று நான் சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார். "எப்ப வருதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. எப்ப வரலைன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேர ஆராதனைக்கு அக்கா வந்திருந்தார். எப்சி அவருக்கு அந்தப் பக்கம். நான் பின்வரிசையில். இரண்டாவது பிரசங்கத்தில் எனக்குத் தொடர்ந்து நான்கு கொட்டாவி. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி, "ஆண்டவரு சிலுவையில தொங்குறாரு, உனக்குக் கொட்டாவி வருதா?" என்றார். மூன்று வரிசைக்குக் கேட்டது. ரிப்போர்ட் சுத்தம் என்று அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். மூக்கை ஏன் பொத்தினார் என்று நீங்கள்தான் அவரைக் கேட்க வேண்டும்.

கேசட்டுக்கு வருகிறேன். ஏசுதாசன் லீவில் வந்தபோது அதைத் திரும்பக் கொடுத்தார். இரண்டாவது பக்கத்தில் உங்கள் பதில் இருந்தது. முதல் பக்கத்தில் நான் பேசியது அப்படியே இருந்தது. நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு அதை மூன்று தடவை கேட்டேன். முப்பது நிமிடத்தில் பெருமூச்சு அறுபத்து மூன்று, கொட்டாவி பத்தொன்பது. கேட்கவே சகிக்கவில்லை, நீங்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது என்று முதல் தடவை நினைத்தேன். இரண்டாவது தடவைதான் கவனித்தேன். பதினோராவது நிமிடத்திலிருந்து பதினெட்டாவது நிமிடம் வரை ஒன்றுகூட இல்லை. அந்த நேரம் எப்சி என் மடியில். தலை வாரிக்கொண்டிருந்தேன். அவள் வகுப்புக்குள் எருமை புகுந்து டீச்சரின் சாப்பாட்டுக் கூடையைக் கவிழ்த்த கதையை உங்களுக்குச் சொல்கிறாள். ஏழு நிமிடம் எருமை. என் மூச்சு எங்கே போனது, எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

டாக்டருக்குச் சொல்ல வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. எனக்கு இருந்த ஒரே மருந்தைத்தான் நீங்கள் ஆட்டோவில் ஏற்றிக் கூடுவாஞ்சேரிக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

நேற்று எக்ஸ்ரே கவரை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். அக்கா கேட்டைத் திறக்கவில்லை. "படத்துல தெரியாத வியாதியும் இருக்கு. தம்பி எழுதட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றார். எப்சி வராந்தா கம்பிக்குப் பின்னால் நின்றாள். நான் அவள் பெயரைச் சொன்னேன். அவள் பதில் பேசுவதற்கு முன்பு தோளைத் தூக்கி ஒரு மூச்சை இழுத்தாள். அது இறங்கவில்லை. மறுபடி இழுத்தாள். பிறகு வாயைத் திறந்து கொட்டாவி விட்டாள். "பாத்தியா, பிள்ளைக்கும் ஒட்ட வெச்சிட்ட" என்று அக்கா கத்தினார். முப்பத்து நாலு நாளாக நான் தொட்டிராத பிள்ளைக்கு நான் ஒட்ட வைத்தேனாம்.

18-ஆம் தேதி அவளுக்கு ஆண்டுத் தேர்வு. இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கவே இரண்டு வாரம் ஆகும். ஆகவே உங்களிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. வரும் சனிக்கிழமை போய் என் மகளைக் கூட்டிக்கொண்டு வருவேன். தெரிவித்துவிட்டுச் செய்வது நாகரிகம் என்பதால் தெரிவிக்கிறேன். எனக்கு யாரும் தெரிவிக்கவில்லை.

ஞானஜோதி


ராஜகீழ்ப்பாக்கம்,
17.4.1988, ஞாயிறு, பகல் 1.30.

எப்சியின் அப்பாவுக்கு,

போன கடிதம் இன்னும் வழியில்தான் இருக்கும். இது அதன் பின்னால் வருகிறது.

நேற்று 11.10-க்குக் கூடுவாஞ்சேரியில் இறங்கினேன். துணைக்கு அஞ்சம்மாளும் வந்தாள், நான் கூப்பிடவில்லை. கேட்டில் பூட்டு தொங்கியது. அக்கா உள்ளே நின்றுகொண்டு, தம்பியின் கடிதம் எங்கே என்று கேட்டார். நான் எக்ஸ்ரே படத்தைக் கவரிலிருந்து எடுத்து, வெயிலுக்கு நேரே கேட்டின் மேல் பிடித்தேன். என் விலா எலும்பெல்லாம் அந்தத் தெருவே பார்த்தது. அக்கா தலையைத் திருப்பிக்கொண்டார். அஞ்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "பெத்தவ வெயில்ல நிக்கறா, நீ இன்னாமா பூட்டிகினு கீறே? கொயந்த இன்னா உன் வூட்டு அண்டாவா?" என்று கேட்டாள். எதிர்வீட்டு ஆட்கள் வெளியே வந்தார்கள். அப்புறம்தான் சாவி வந்தது.

அப்போதும் அக்கா விடவில்லை. "நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா நான் பொறுப்பில்ல. எழுதிக் குடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். "என் மகள் எப்சிபாவை 16.4.88 காலை 11.40-க்கு நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்." கம்பெனியில் ஸ்டோர் ஆள் லீவு போட்ட நாட்களில் அங்கே வரும் சாமான்களுக்கு எழுதிப் பழகிய வாசகம், கையில் அதுதான் வந்தது. கீழே "ஒப்படைத்தேன்" என்று அவரையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டார். நகல் இதோடு இருக்கிறது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். என் பிள்ளையை நானே பெற்றுக்கொண்டதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே ரசீது இதுதான்.

ரயிலில் எண்ணினேன். வண்டலூர் வருவதற்குள் எப்சி நான்கு தடவை மூச்சை இழுத்தாள். ஏன்மா அப்படி இழுக்கிறே என்று கேட்டேன். அத்தை வீட்டில் யாரிடமும் அழக் கூடாது, அழுதால் அம்மாவுக்கு வியாதி அதிகமாகும் என்று அத்தை சொல்லியிருந்தார், அதனால் அழுகை வந்தால் உள்ளே இழுத்துக்கொள்வேன் என்றாள். அதற்குப் பிறகு என் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். தாம்பரம் வந்தும் எழுப்ப மனம் இல்லை, தூக்கிக்கொண்டுதான் இறங்கினேன். மேம்பாலப் படியில் எனக்கு மூச்சு வாங்கியது. அது கனத்தால் வாங்கிய மூச்சு, எல்லோருக்கும் வருவது.

எனக்கு முழுசாக நின்றுவிட்டது என்று எழுதமாட்டேன். இன்று காலையிலிருந்து ஒன்பது. போன ஞாயிறு இதே நேரத்துக்குள் நூறைத் தாண்டியது. அக்கா வந்தால் மறுபடி ஏறலாம். அவர் இனி இந்த வீட்டுக்கு வருவதானால் முன்கூட்டி எனக்குத் தெரிவித்துவிட்டு வரட்டும். உங்கள் கடிதங்களும் இனி என் பெயருக்கு, இந்த முகவரிக்கு வரட்டும். அங்கே போய், படிக்கப்பட்டு, இங்கே வர வேண்டாம். பொட்டு வைத்த டம்ளரை அஞ்சம்மாள் தன் வீட்டுக்குக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். ஜூன் மாதத்திலிருந்து வேலைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். இதையும் தெரிவிக்கிறேன்.

கடைசியாக ஒன்று. நீங்கள் பேசி அனுப்பிய முப்பது நிமிடத்தையும் எப்சி நேற்று உட்கார்ந்து கேட்டாள். உங்கள் ரூமின் ஏசி, கம்பெனி பஸ், சாலமோன் சமைத்த பிரியாணி, என் பெருமூச்சு, எல்லாம் அதில் இருக்கின்றன. கேசட் நின்றதும், "அப்பா எருமையைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே, அந்த இடம் கேக்கலையா?" என்று கேட்டாள். அந்த இடத்தில் டேப் சரியாக ஓடியிருக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் அவளுக்குச் சொன்ன முதல் பொய் அது, உங்களுக்காகச் சொன்னது.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். எருமை அந்தக் கூடையில் என்ன தின்றது என்று கேட்டு அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வந்தால் நல்லது. தபால்காரர் பதினொன்றரைக்கு வருவார், நாங்கள் இரண்டு பேரும் வீட்டில்தான் இருப்போம்.

அங்கே வெயில் ஏறியிருக்கும், தலையில் துண்டு போட்டுக்கொண்டு வெளியே போங்கள். கர்த்தர் உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும், இப்போதைக்கு என்னால் முடியவில்லை.

எப்சிபாவின் அம்மா,
ஞானஜோதி