நாலாவது பேனல்

மயிலாப்பூர்
9-5-2025

அன்புத் தங்கை கயலுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. போனில் என்னைப் பிளாக் பண்ணிவிட்டாய். தபால்காரரைப் பிளாக் பண்ண இன்னும் வசதி வரவில்லை என்பதால் இந்தக் கடிதம். பாலவாக்கம் விலாசத்தை உன் சிநேகிதி சிம்ராவிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். பாவம், அவளைத் திட்டாதே. உனக்கு மாடி அறையையும் கொடுத்து உன் கோபத்தையும் தாங்கிக்கொண்டிருக்கிறாள்.

உன் கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு மார்க் போடும் ஜூரி அன்று காலை, நான் பிரிண்ட் போட்ட ஆறு பேனலையும் ஆட்டோவில் ஏற்றி உன் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டு, நேராக மயிலாப்பூர்க் கடைக்கு வந்துவிட்டேன். உள்ளே நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. சாயங்காலம் நீ பெரும்பாக்கம் வீட்டுக்கு வந்து, துணிமணிகளை எடுத்துக்கொண்டு, அம்மாவிடம்கூட ஒரு வார்த்தை பேசாமல் ஏழு மாடி இறங்கிப் போய்விட்டாய். அன்றிலிருந்து அம்மா தினமும் கேட்கிறாள்: "அவ இன்னாதான் துன்றா அங்க? அந்தப் பொண்ணு வூட்ல ரசம் வெப்பாங்களா?" நான் என்ன பதில் சொல்வது?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் பற்றித்தான் உன் ப்ராஜெக்ட் என்று தெரியும். இடது பக்கம் தெருவில் ஒட்டியிருக்கும் போஸ்டர், வலது பக்கம் அதையே நீ புதிதாகச் செய்தது. நீ பிரிண்டுக்குக் கொடுத்த ஃபைலைக் கடைக் கம்ப்யூட்டரில், கோரலில் திறந்தால் எங்கே பார்த்தாலும் வெள்ளை. பன்னிரண்டு வருஷமாக ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு விரற்கடை வெள்ளை விட்டாலும் கஸ்டமர் விடமாட்டார். "இன்னாம்மா, இடம் காலியா கீது, ரெண்டு பூவாவது போடு" என்பார். கை தானாகப் போய்விட்டது. ரோஜா பார்டர் போட்டேன், படங்களைப் பெரிதாக்கினேன், எழுத்துக்கு நிழல் கொடுத்தேன். இடது பக்கம் இருந்த சிவப்பு வட்டங்களைத் திருத்தக் குறி என்று நினைத்து எடுத்துவிட்டேன். கடையில் ப்ரூஃப் பார்ப்பவர்கள் அப்படித்தானே சுழித்துக் கொடுப்பார்கள்?

அழகாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன். மன்னித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடு.

உன் அக்கா,
டில்லிராணி


பாலவாக்கம்
14-5-2025

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. ரசம் வைக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொல்.

ஜூரியில் நடந்ததை நீயும் தெரிந்துகொள். பேனல்களைப் பிரித்தபோது பதினைந்து நிமிடம்தான் இருந்தது. வேறு வழி இல்லாமல் மாட்டினேன். நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. இன்னொரு அம்மா என் ஸ்கெட்ச் புத்தகத்தையும் பேனலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது ரெண்டும் ஒரே ஆள் செஞ்சதாம்மா?" என்று கேட்டார். ஆறு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள்.

நான்கு வருஷம் அக்கா. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுவது என்பதை மட்டும் ஒரு மாதம் வரைந்திருக்கிறேன். அந்த வெள்ளைதான் என் வேலை. அதில்தான் நீ ரோஜாப்பூ போட்டாய். ஜூலை பதினேழாம் தேதி மறு ஜூரி. அதில் தேறினால்தான் பட்டம், பட்டம் இருந்தால்தான் பெங்களூரு ஸ்டூடியோ என்னை வேலைக்கு எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்யவேண்டும். உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

உன்மேல் கோபம் இல்லை, அலுத்துப்போய்விட்டது, அவ்வளவுதான். உனக்கு டிசைன் தெரியாது. தெரியாத ஆளைக் கோபித்து என்ன ஆகப்போகிறது? உன்னிடம் கொடுத்தது என் தப்பு. இந்தத் தடவை வேறு இடத்தில் பிரிண்ட் போட்டுக்கொள்கிறேன்.

கயல்


மயிலாப்பூர்
20-5-2025

அன்புள்ள கயலு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்து நாலைந்து தடவை படித்துவிட்டேன். முதலாளி அன்வர் பாஷாகூட, "இன்னா டில்லி, கோர்ட் நோட்டீஸா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அதேதான் பாய் என்றேன்.

எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். மற்ற எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன், அந்த ஒரு வரியை முடியவில்லை. அதனால் உண்மையைச் சொல்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று நீ நினைப்பதைவிட, தெரிந்தே செய்தேன் என்று நினைத்தால் எனக்குத் தேவலை.

ஃபைலை வரிசையாகத் திறந்துகொண்டே வந்தேன். முதல் மூன்றும் நன்றாக இருந்தன. அந்த வெள்ளை எதற்கு என்பதும் புரிந்தது. பன்னிரண்டு வருஷம் இந்த வேலையைச் செய்கிறவளுக்கு அது கூடவா புரியாது? நாலாவதைத் திறந்தேன். இடது பக்கம் நைனா இருந்தார்.

நம் நைனா சுப்புராயனின் போஸ்டர். அதன்மேல் தப்பைக் காட்டும் பதினோரு சிவப்பு வட்டம். படம் இழுபட்டிருக்கிறது, நிறம் கத்துகிறது, ஏழு ஃபாண்ட் என்று பக்கத்தில் எழுதியிருந்தாய். ஏழு இல்லை, எட்டு. எண்ணியதுகூடத் தப்பு.

அதை நான் செய்த காலையைப் பற்றி உனக்குச் சொன்னதே இல்லை. நைனாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருவதற்குள் போஸ்டர் ஒட்ட வேண்டும் என்று மாமா அவசரப்படுத்தினார். வேறு ஆபரேட்டர் அன்று இல்லை. நைனாவுக்குத் தனியாக ஒரு படம் கிடையாது. ஒரு கல்யாணக் கும்பலில் நின்ற படத்திலிருந்து வெட்டினேன், அதனால்தான் அவர் தோளில் யாருடையதோ நாலு விரல் இருக்கும். சின்னப் படம், இழுக்காமல் என்ன செய்வேன்? கீழே இருபத்து மூன்று முகம் எதற்கு என்று கேட்டு ஒரு வட்டம் போட்டாயே, ஒரு முகம் விட்டுப்போனால் சாவு வீட்டில் சண்டை. தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி அடிக்க வேண்டும். மறைவுக்கு அன்றைய தேதி. அதை மூன்று தடவை தப்பாக அடித்தேன்.

வலது பக்கம் நீ செய்தது அழகாகத்தான் இருந்தது கயலு. சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அதில் நைனா மட்டும் தனியாக இருந்தார், கூட ஒருத்தரும் இல்லை. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நாலாவது பேனலை வேண்டுமென்றே கெடுத்தேன். அது மட்டும் கெட்டிருந்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று மற்ற ஐந்தையும் கெடுத்தேன். திருத்தக் குறி என்று எழுதியது பொய்.

உன் நாலு வருஷத்தில் கை வைத்தது பெரிய பாவம். அது எனக்குத் தெரியும். மன்னிப்பு கேட்கத்தான் உட்கார்ந்தேன், எழுதி முடிப்பதற்குள் எனக்கே மறுபடி கோபம் வந்துவிட்டது. இப்படியே அனுப்புகிறேன்.

டில்லிராணி


பாலவாக்கம்
2-6-2025

அன்புள்ள அக்கா,

பத்து நாளாக இதை எழுதி எழுதிக் கிழித்தேன். சிம்ரா என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, "நேர்ல போய் அழுதுட்டு வாயேன்டி" என்றாள். நேரில் வந்தால் அழத்தான் முடியும், இதைச் சொல்ல முடியாது.

நீ செய்தது தெரிந்ததும் பேயாய்க் கத்தினேன். கீழே அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் போஸ்டரை ஏன் எடுத்தேன் என்று நீ கேட்கவே இல்லை. கேட்காததுதான் உறுத்துகிறது.

அன்று எனக்கு முதல் வருஷ டிராயிங் பரீட்சை. போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நீ முப்பது தடவை கூப்பிட்டது அப்புறம்தான் தெரியும். பரீட்சை முடிந்து, போனைக்கூட ஆன் பண்ணாமல், அப்போது நாம் குடியிருந்த மந்தைவெளியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். எதிர்ச் சுவரில் பசை காயாத ஒரு போஸ்டர். படத்தைக் கன்னாபின்னா என்று இழுத்திருக்கிறார்களே என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் அது நைனா என்று தெரிந்தது. ஒரு நொடிதான் அக்கா. ஆனால் பெற்ற அப்பா செத்த போஸ்டரில் எனக்கு முதலில் தப்புதான் கண்ணில் பட்டது. படிப்பு என்னை அப்படி ஆக்கிவிட்டதா, நானே அப்படித்தானா, தெரியவில்லை. மூன்று வருஷமாக அதைச் சுமந்துகொண்டிருக்கிறேன். அந்த நொடிக்காகத்தான் இந்த ப்ராஜெக்டை எடுத்தேன். அவர் எனக்கும் நைனாதானே?

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொன்னால் நீ என்னோடு பேசமாட்டாய். ஜனவரியில் கல்லூரியில் நடந்த ரெவ்யூவில், நாலாவது பேனலின் இடது பக்கப் போஸ்டரைக் காட்டி, இதை யார் செய்தது என்று கேட்டார்கள். "யாரோ ஒரு டிடிபி ஆபரேட்டர்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ அன்று எனக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்திருந்தாய்.

அந்தப் போஸ்டரை எடுத்துவிடட்டுமா, இல்லை உன் பெயரைப் போட்டு வைக்கட்டுமா? நீ எது சொன்னாலும் சரி. ஜூலை முதல் வாரம் பிரிண்ட் போடவேண்டும். அதற்குள் எழுது.

உன் கயல்


பாலவாக்கம்
18-7-2025

அன்புள்ள அக்கா,

நீ பதில் எழுதவில்லை. தபால் தொலைந்திருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். கடைசியில் நானே முடிவெடுத்து, போஸ்டரை வைத்து, அதன் கீழே "வடிவமைப்பு: சு. டில்லிராணி" என்று போட்டேன். சிவப்பு வட்டங்களை எடுத்தேன். வட்டம் இருந்த இடங்களில், அது ஏன் அப்படி இருக்கிறது என்று உன் கடிதத்திலிருந்து எழுதினேன். நாலு விரல், இருபத்து மூன்று முகம், மூன்று தடவை தப்பாக அடித்த தேதி, எல்லாம்.

நேற்று ஜூரி. அதே நான்கு பேர். நாலாவது பேனல் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்கள். யார் இந்த டில்லிராணி என்று கேட்டார்கள். என் அக்கா என்றேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பின்னணிதான்மா உன் பலம், இதை விட்டுடாத" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். மற்ற ஐந்து பேனலை யாரும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ராப்பகலாக வரைந்தது அந்த ஐந்துதான். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மார்க்.

சந்தோஷமாக இருக்கவேண்டும் இல்லையா? வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். முதல் தடவை உன்னைக் கேலிப்பொருளாகக் காட்டினேன். இந்தத் தடவை உன் துக்கத்தைக் காட்டி மார்க் வாங்கிவிட்டேன். இரண்டில் எது மோசம் என்று தெரியவில்லை. ஆகஸ்ட் நாலாம் தேதி பெங்களூரு போகவேண்டும். உன்னைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை, வருவதற்கும் பயமாக இருக்கிறது.

கயல்


மயிலாப்பூர்
25-7-2025

அன்புத் தங்கை கயலுக்கு,

தபால் தொலையவில்லை. ஜூன் மாதமே வந்தது. யாரோ ஒரு டிடிபி ஆபரேட்டர் அதைப் படித்துவிட்டு மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டாள். கோபத்தினால் பதில் போடாமல் இருக்கவில்லை. வை என்று சொல்லவும் வாய் வரவில்லை, எடு என்று சொல்லவும் மனம் இல்லை.

மார்க் வந்தது சந்தோஷம். அம்மா ஏழு மாடிக்கும் சொல்லிவிட்டாள். "எம்பொண்ணு டிசைன்ல பஸ்ட்டு" என்கிறாள். டிசைன் என்றால் இன்னா என்று கேட்டவர்களிடம், "அது இன்னாவோ, எம்பொண்ணு அதுல பஸ்ட்டு" என்றாளாம். ஜூரிக்காரர்கள் எதற்காக மார்க் போட்டிருந்தாலும் அது உன் மார்க். வாங்கி வைத்துக்கொள், அழாதே. அந்த ஐந்து பேனலைப் பார்க்க ஆள் இல்லை என்றால் என்னிடம் கொண்டுவா, நான் பார்க்கிறேன். எழுத்துக்கு நடுவில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறாய் என்று ஸ்கேல் வைத்தே பார்க்கிறேன்.

முப்பதாம் தேதி புதன்கிழமை நான் லீவு சொல்லியிருக்கிறேன். அன்று வா. மீன் குழம்பு வைப்பதாக அம்மா சொல்கிறாள். நான் உன்னோடு சரியாகப் பேசமாட்டேன், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் இருப்பேன். அதைப் பார்த்துப் போய்விடாதே. எனக்குக் கொஞ்ச நாள் ஆகும். உனக்கும்தான் ஆகும், உன் பேனலைக் கெடுத்தவள் நான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் உனக்கு எழுதியது உனக்கு மட்டும் எழுதியது. தேதியை மூன்று தடவை தப்பாக அடித்தேன் என்பதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. இப்போது நான் முகம் பார்த்திராத நாலு பேருக்கு அது தெரியும். நீ கேட்டாய், அதை மறுக்கவில்லை. ஆனால் நான் சரி என்றும் சொல்லவில்லை கயலு. இனிமேல் எங்களைப் பற்றி எதையாவது வரைவதாக இருந்தால் முதலில் கேள். கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்வரை பொறு. உன் ஜூரி போனாலும் பரவாயில்லை, பொறு.

உன் அக்கா,
டில்லிராணி