பால் நேரம்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
தை 3, சனிக்கிழமை.

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய வெள்ளத்தாய் அக்காவுக்கு, மில்லில் உன் பக்கத்து மெஷின் சைடில் நின்ற கனகலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் இவரும் நலம். ஆவடியில் நீயும் சத்யப்பிரியாவும் மருமகனும் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும். அந்த ஊர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? முட்டிக்குத் தேய்க்கிற தைலத்தைச் சேத்தூர் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனாயாம்.

போன் இருக்கிற காலத்தில் இவளுக்கு ஏன் கடிதம் என்று நினைப்பாய். நான் போன் செய்தால் நீ எடுக்காமல் இல்லை. எடுக்கிறாய். "நல்லாருக்கேன் தாயி, அடுப்புல வேல கெடக்கு, பொறவு பேசுதேன்" என்று வைத்துவிடுகிறாய். ஒரு மாதமாக அந்த அடுப்பு அணைந்தபாடில்லை. அதனால்தான் உன் மகன் முத்துக்குமரனிடம் போய் விலாசம் வாங்கிவந்தேன். இதைச் சத்யாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீயே வாசி. எழுத்துக்கூட்டி வாசித்தாலும் பரவாயில்லை, அவசரம் ஒன்றும் இல்லை.

இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து பிளவக்கல் அணை நிறைந்துவிட்டது. நம் பிள்ளை கௌதம்ராஜ் பொங்கலுக்கு முந்தின நாள் லீவில் வந்து சேர்ந்தான். பட்டாளத்தில் கறுத்துப்போய், மீசையும் பெரிதாக வைத்திருக்கிறான். அவன் கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள்தான். தை பதினான்கு, புதன்கிழமை, இங்கேயே மண்டபம். பெண் யுவராணி கான்சாபுரத்துக்காரி. கொஞ்சம் வாய்த்துடுக்கு உண்டு. எனக்குப் பிடித்திருக்கிறது.

கார்த்திகைக் கடைசியில் உன் வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வந்தோமே, அந்த நாளைப் பற்றித்தான் நான் எழுதவேண்டும். அணையையும் மீசையையும் எழுதியது அதைக் கொஞ்சம் தள்ளிப்போடத்தான்.

தட்டில் வெற்றிலை பாக்கு, சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், கல்கண்டு, மேலே பத்திரிகை. உன் மருமகள் மாரீஸ்வரியிடம் நீட்டினேன். சந்தனம் தொட்டாள், குங்குமம் வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்த சீனியம்மாளுக்கும் நீட்டினேன். அடுத்து நீ நின்றாய். கருத்தையா அத்தான் போய் மூன்று வருஷமாகிறது. நீ குங்குமத்துக்குக் கை நீட்டவில்லை அக்கா, அது எனக்குத் தெரியும். சந்தனத்தைத் தொடத்தான் விரலை நீட்டினாய். என் கை தட்டை இழுத்துக்கொண்டது. யாரும் சொல்லவில்லை, யாரும் கண்ஜாடை காட்டவில்லை. வீடு வீடாகப் பார்த்துப் பழகின கை தானாக இழுத்துக்கொண்டது. பத்திரிகையையும் முத்துக்குமரன் பேருக்கு எழுதி, அவன் கையிலேயே கொடுத்தேன். நீ விரலை மடக்கிக்கொண்டு, அதே கையால் கீழே இருந்த காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். "கல்யாணத்த ஜாம்ஜாம்னு நடத்துட்டி" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய்.

பஸ் ராஜபாளையம் தாண்டுகிறவரை எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அடுத்து யார் வீட்டுக்குப் போகவேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். பஸ் நம் மில் கேட்டைக் கடந்தது. என்ன காரியம் செய்துவிட்டு வருகிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அங்கேயே இறங்கித் திரும்பி வந்திருக்கவேண்டும். வெட்கம் வந்து தடுத்துவிட்டது. நாலு நாள் கழித்து வந்தபோது, நீ ஆவடிக்கு ரயில் ஏறிவிட்டாய் என்று மாரீஸ்வரி சொன்னாள். பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிட ஆளில்லையாம். அவன் இரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடம் போகிறான், எனக்குத் தெரியாதா?

உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உன்னை "நீங்க" என்று கூப்பிட்டேன். "எத்தன பேரட்டி கூப்பிடுத? நான் ஒருத்திதான நிக்கேன்" என்றாய். அன்றைக்கு ஆரம்பித்த "நீ"தான் இன்றுவரைக்கும்.

கௌதமுக்கு இப்போது இருபத்தேழு வயது. அப்போது மூன்று மாதம். பிறக்கும்போது இரண்டு கிலோகூட இல்லை. பவுடர் பால் கொடுத்தால் வயிற்றுக்குச் சேராது, பாட்டிலை வாயில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். வேலையை விட்டுவிடு என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். இவருக்கு அப்போது நிலையான வேலை கிடையாது. நான் விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது, விடாவிட்டால் பிள்ளை தேறமாட்டான். லீவு முடிந்து வந்த முதல் வாரம், மாரில் பால் கட்டிக்கொண்டு, ஜாக்கெட் நனைந்துபோய், ஸ்பின்னிங் மெஷின் முன்னால் நின்று அழுதேன். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. நீ எப்படிக் கண்டுபிடித்தாயோ, வந்து என் காதுக்குள் கத்தினாய். "ஏட்டி, பத்து மணிக்குப் பிள்ளைய கேட்டுக்குக் கொண்டாரச் சொல்லு. ஒன் சைடயும் நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாளிலிருந்து, அப்போது எங்களோடு இருந்த என் நாத்தனார் அய்யம்மாள் மதினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்துவிடுவாள். வாட்ச்மேன் சந்தனம் அண்ணன் தன் ஸ்டூலை எனக்குக் கொடுத்துவிட்டு, ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். கால் மணி நேரம். உள்ளே நீ இரண்டு பேர் சைடுக்கும் ஒருத்தியாக ஓடுவாய். இங்கே ஓர் இழையை ஒட்டினால் அங்கே நாலு இழை அறுந்து நிற்கும். ஒட்டத் தவறினால் பஞ்சு ரோலரில் சுற்றிக்கொள்ளும், மேஸ்திரி வந்துவிடுவார். நான் திரும்பி வரும்போது உன் முந்தானை வேர்வையில் பிழியலாம்போல இருக்கும். "குடிச்சானா?" என்று மட்டும் கேட்பாய். குடித்தான் என்று தலையாட்டினால் உன் சைடுக்குப் போய்விடுவாய்.

ஒருநாள் மேஸ்திரி சுப்புராஜ் கண்டுபிடித்துவிட்டார். நான் எங்கே என்று கேட்டதற்கு, வயிற்றால் போகிறது, பாத்ரூமில் இருக்கிறாள் என்றாய். நித்தம் பத்து மணிக்கா போகும் என்று கேட்டார். "அத அவ வயித்துட்டதான் கேக்கணும்" என்றாய். மறுநாள் உன்னை ப்ளோ ரூமில் பஞ்சு பிரிக்கத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஒரு மாதம். தலையிலும் இமையிலும் பஞ்சோடு இருமிக்கொண்டே வருவாய். நான் கேட்டபோது, நின்று நின்று கால் வலிக்கிறது, நானாகத்தான் கேட்டு வாங்கிப் போனேன் என்று சாதித்தாய். அது தண்டனை என்று அந்த மாதம் முடிந்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது. போவதற்கு முன்னால், உன் இடத்துக்கு வந்த கருத்தம்மாவிடம் என் பத்து மணியை ஒப்படைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். என் பிள்ளைக்கு ஒருநாள்கூடப் பால் தவறவில்லை.

அதன்பிறகு நம் ஷெட்டில் அதற்குப் பேரே வந்துவிட்டது, பால் நேரம் என்று. பிள்ளைக்காரி யாராவது வேலைக்குத் திரும்பினால், பக்கத்து சைடுக்காரி சொல்லாமலே கையசைத்து அனுப்பிவைப்பாள். நீ வேலையை விட்டுப் போனபிறகும், நான் கடைசிவரை நின்ற காலத்திலும் அது நடந்தது. எத்தனை பிள்ளைகள் அந்த கேட்டில் பசியாறின என்று எண்ணி வைத்தவர்கள் யாரும் இல்லை. நீ தொடங்கினாய் என்பதே பின்னால் வந்த பெண்களுக்குத் தெரியாது.

நான் வேலையை விடவில்லை. அந்த வேலையில்தான் இவன் படித்தான், நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்த வீட்டைக் கட்டினோம். பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது எடை பார்த்து, மார்பளவு எடுத்து, தேர்வாகிவிட்டதாக இவன் போன் செய்தான். நான் உனக்குத்தான் முதலில் சொன்னேன். "எடைக்கு என்னட்டி கொறச்ச, அம்புட்டும் மில்லு கேட்டுல குடிச்ச பாலுல்லா" என்றாய். அப்படிப்பட்ட உன் முன்னால்தான் நான் தட்டை இழுத்துக்கொண்டேன்.

இப்போது கேட்கவந்ததைக் கேட்டுவிடுகிறேன். தாலி கட்டி முடிந்ததும் பொண்ணு மாப்பிள்ளைக்குப் பால் பழம் கொடுப்போம் அல்லவா, அதில் முதல் கை உன் கையாக இருக்கவேண்டும். வீட்டில் இதைச் சொன்னேன். இவர் வழக்கம்போலப் பேப்பரைத் திருப்பினார். அய்யம்மாள் மதினி தையத்தக்கா என்று குதித்தாள். சுமங்கலிகள் வரிசையாக நிற்கும்போது இதென்ன இல்லாத வழக்கம், பிள்ளை நல்லா இருக்கவேண்டாமா என்றாள். "நித்தம் பிள்ளையத் தூக்கிட்டு வந்தது நீங்கதான மதினி. நான் கேட்டுல உக்காந்திருக்கையில உள்ள யாரு ஓடுனான்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அரிசி புடைத்துக்கொண்டே, "அவ வருவாளா?" என்றாள்.

யுவராணிக்கும் போன் போட்டுக் கேட்டேன். அவள்தானே வாழப்போகிறவள். "யார் குடுத்தா என்ன அத்த, விடியக்காலத்துல இருந்து பட்டினியா உக்காந்திருப்பேன், சீக்கிரம் குடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

செய்த தப்பைப் பூசி மெழுக உன்னை மேடையேற்றுகிறேன் என்று நினைக்காதே. அதுவும் கொஞ்சம் இருக்கும், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் எனக்குப் பயம் வேறு. நீ கோபித்துக்கொண்டு போயிருந்தால் நான் வந்து காலைக் கட்டிக்கொண்டு அழைத்துவந்துவிடுவேன். நீ கோபப்படவில்லை. ஒதுங்கிக்கொண்டாய். நாம் அங்கே நின்றால் பிள்ளைக்கு ஆகாது என்று நீயே நம்பிவிட்டாய். நம்பவைத்தது என் கை. அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கமுடியவில்லை. நீ நின்றால் அவனுக்கு ஆகாத இடம் இந்த உலகத்தில் எதுவும் கிடையாது அக்கா.


ஞாயிற்றுக்கிழமை.

நேற்று இதோடு முடித்து, கவரில் விலாசம் எழுதி டி.வி. மேல் வைத்திருந்தேன், நாளைக்குத் தபாலில் போடலாம் என்று. கௌதம் எடுத்துப் பார்த்துவிட்டான். பெரியவர்கள் கடிதத்தைப் பிரிக்கிறாயே, இதுதான் பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்தார்களா என்று திட்டினேன். காதில் வாங்காமல் கடைசிவரை வாசித்தான். மில் கேட் கதையை நான் அவனிடம் சொன்னதே இல்லை. ஆம்பிளைப் பிள்ளையிடம் அதையெல்லாம் எப்படிச் சொல்வது? அவனுக்கு நீ காராச்சேவு வாங்கிவருகிற சேத்தூர் பெரியம்மா, அவ்வளவுதான்.

கடிதத்தை மடித்துக் கவரில் வைத்தான். பொறவு, "தபால்ல போடாதீங்கம்மா. நீங்க அவியளுக்குப் பத்திரிகையே வைக்கலயே. வைக்காத கல்யாணத்துக்கு அவிய எப்படி வருவாவ?" என்று கேட்டான். புதுப் பத்திரிகை ஒன்றை எடுத்து, உன் பேரை அவனே எழுதினான். இன்று சாயங்காலம் பொதிகை ரயிலில் கிளம்புகிறான். கல்யாண மாப்பிள்ளை தனியாக ரயில் ஏறக்கூடாது என்று மதினி அதற்கும் ஒரு பாட்டம் கத்தினாள். பிறகு அவளே கடைத்தெருவுக்குப் போய்ப் பால்கோவா வாங்கிவந்து, வெள்ளத்தாய்க்கு என்று அவன் பையில் வைத்தாள்.

ஆகவே நீ இதை வாசிக்கும்போது அவன் உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பான். உன் முடிவு எதுவானாலும் அவனிடமே சொல். வரவில்லை என்றால் அதையும் அவன் முகத்தைப் பார்த்துச் சொல். வருகிறாய் என்றால் அவனோடு கிளம்பி வா, சத்யாவும் மருமகனும் பிள்ளையோடு பின்னால் வரட்டும்.

ஒன்றுதான் அக்கா. அவன் ரயிலில் எதையும் வாங்கிச் சாப்பிடமாட்டான். எழும்பூரில் இறங்கி வழி விசாரித்து உன் வீடு வந்து சேர நேரமாகியிருக்கும். சாப்பிட்டேன் என்று சொல்வான், நம்பாதே. கடிதத்தை அப்படி வைத்துவிட்டு, பிள்ளைக்கு முதலில் சாப்பிட ஏதாவது கொடு.

உன் தங்கை,
கனகலட்சுமி