ஏவாளின் முதுகு

மியூனிக் நகரமே மெச்சும் ஓவியருக்கு,

நேற்று கண்காட்சியில் உங்கள் வெண்கல ஏவாளைப் பார்த்தேன். முகம் என்னுடையது. ஆப்பிளை நீட்டும் கையும் என்னுடையதுதான். ஓவியத்தில் வாங்கிய பெயர் போதாதென்று சிற்பத்திலும் கைவைத்த உங்கள் துணிச்சலை எல்லோரும் புகழ்ந்தார்கள், உங்கள் படங்களை வாங்கும் கிரெசென்ஸ் அம்மாள் சிலையைச் சுற்றிவரும் வரை.

"என்னடியம்மா, பின்னாடி வர்றதுக்குள்ள உன் வீட்டுக்காரருக்கு வெண்கலம் தீந்துபோச்சா? முதுகு பலகையாட்டம் இருக்கே," என்றாள். கூட்டம் சிரித்தது.

"சொர்க்கத்தை இழந்தவளுக்கு முதுகு எதுக்குங்க? அது ஒரு குறியீடு," என்றீர்கள். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு, சிலையைச் சுவரோடு ஒட்டி வைக்கச் சொன்னீர்கள்.

குறியீடாவது மண்ணாவது. குளிர்காலம் முழுக்க உங்கள் முன்னால் உடையில்லாமல் நின்றேன். அடுப்புக்குக் கரி போட நான் திரும்பும்போதெல்லாம் நீங்கள் கண்ணாடியில் மீசையைச் சரிசெய்துகொண்டிருந்தீர்கள். பார்க்காததை எப்படிச் செய்வீர்கள்?

இன்று காலையும் அப்படித்தான். நான் பெட்டியோடு வாசலைத் தாண்டும்போது நீங்கள் பத்திரிகையில் உங்கள் பெயரைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். ஒருமுறை தலைநிமிர்ந்திருந்தால் ஏவாளின் முதுகு எப்படியிருக்கும் என்று தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
முதுகுள்ளவள்