தரகர் பார்த்த விரல்

ஞாயிறு, இரவு.

ஜெயித்துவிட்டேன்! கோவில்பட்டி கிளப்பில் நடந்த போக்கர் சீட்டாட்டப் போட்டியில் நான்கு பேர் மிச்சம், மூவருக்குத்தான் பரிசு. கையில் உருப்படாத சீட்டை வைத்துக்கொண்டு பந்தயத்துக்கான என் சிப்ஸ் வில்லை மொத்தத்தையும் நடுவில் தள்ளினேன்.

எதிரே விளாத்திகுளம் மாட்டுத் தரகர். சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்தே விலை பேசுகிறவர். பொய் சொல்கிற கை நடுங்கும் என்பது அவர் கணக்கு. முகத்தை விட்டுவிட்டு என் விரலையே பார்த்தார். நான் நிறைந்த டீ தம்ளரை எடுத்துச் சிந்தாமல் குடித்தேன்.

"டீச்சர், கை ஆடலியே! பெரிய சீட்டுதான் வச்சிருக்கீய. பரிசுகிட்ட வந்துட்டு நான் வெளிய போகவா?" என்று தன் ராஜா ஜோடியைக் காட்டிவிட்டு, அந்த ஆட்டத்தை எனக்கே விட்டுக் கீழே போட்டார்.

நடுவில் கிடந்த வில்லையெல்லாம் எனக்கு வந்தது; அந்தக் குவியல்தான் கோப்பை வரை கொண்டுபோனது.

மதியம் அசையாத விரல் இதை எழுதும்போது நடுங்குகிறது. நடுங்கட்டும். தரகர் இங்கே இல்லை.