என் ஓட்டு இல்லாத பட்டியல்

நவம்பர் 18, செவ்வாய்

அலுவலகத்தில் ஏசி ஓடவில்லை. ஜன்னலைத் திறந்தால் கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம். அந்த இரைச்சலிலேயே வாள்சண்டை கேமின் விமர்சனத்தை முடித்தேன். பத்துக்கு ஐந்து கொடுத்தேன். ஆசிரியர் ஏழாக்கினார். "அஞ்சுன்னா ஃபெயில் மாதிரி தெரியும்மா." ஃபெயில்தான் சார் என்றேன். சிரித்தார். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் சிரிக்கத் தெரிந்தவர்களைத்தான் ஆசிரியர் ஆக்குவார்கள் போல.

ஆண்டுப் பட்டியலுக்கு இப்போதே யோசித்து வைக்கச் சொன்னார். இந்த வருடம் பிடித்த கேம்கள், பிடித்த எக்ஸ்பான்ஷன்கள். எங்கள் கேம் விமர்சன சைட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். கையைத் தூக்கி ஓட்டு.

யோசிக்க என்ன இருக்கிறது? எனக்கு முதலில் 'பதினோராம் மாடி'. லிஃப்ட் ரிப்பேர்காரி ஒருத்தி ஒரு பெரிய கட்டடத்தில் மாடி மாடியாகப் பழுது பார்க்கிறாள். யார் வீட்டுப் பேச்சும் அவள் காதில் விழும், அவளிடம் மட்டும் யாரும் பேசுவதில்லை. அடுத்து 'கப்பல் வரவில்லை'. துறைமுக வேலைநிறுத்தத்தை நடத்தும் சீட்டாட்டம். கையில் இருக்கும் சீட்டுகளெல்லாம் ஆட்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று காட்டும். ஒரு சீட்டைக் கீழே போடக் கை வராது. இந்த இரண்டையும் செய்தவர்களிடம் விளம்பரம் கொடுக்க வசதி இல்லை. அதனால் இரண்டுக்கும் நம் சைட்டில் முகப்புப் படம் கிடைக்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

அக்கா தன் கேம் கம்பெனியில் செய்த எக்ஸ்பான்ஷனை இன்று முடித்தேன்.

எக்ஸ்பான்ஷன் என்றால் என்ன என்று அம்மா மறுபடியும் கேட்டாள். "கட்டின வீட்டு மேல மாடி எடுக்கற மாதிரிம்மா" என்றாள் அக்கா. "அப்ப கீழ் வீடு யாருது?" "அதுவும் நாங்க கட்டினதுதான்." "வாடகை யாருக்கு?" அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா விளையாட்டாகக் கேட்கவில்லை.

கீழ் வீட்டின் பெயர் 'கரையேறு'. வெள்ளத்தில் மூழ்கும் ஊர், நம்மிடம் ஒரு படகு, முடிந்த மட்டும் ஆட்களைக் காப்பாற்ற வேண்டும். நன்றாக விற்றது. மாடியின் பெயர் 'வடிந்த பின்'. அதே ஊரில் தண்ணீர் வடிந்துவிட்டது. சேறு வார வேண்டும். கதவைக் கழற்றி வெயிலில் சாய்க்க வேண்டும். யாருடையது என்று தெரியாத செருப்பையும் பாத்திரத்தையும் உரியவரிடம் சேர்க்க வேண்டும். எதிரி இல்லை, கடிகாரம் இல்லை. ஆட்களின் அசைவும் சுவரில் தண்ணீர் நின்ற கோடும் அக்காவின் வேலை. வீட்டுக்கு வீடு வேறு உயரம். மேட்டுத் தெருவில் கணுக்கால் அளவு. பள்ளத்துத் தெருவில் கோடே கிடையாது, கூரை வரைக்கும் ஒரே நிறம். ஒரு வசனமும் இல்லாமல் யார் எங்கே வாழ்ந்தார்கள் என்று சொல்லிவிட்டாள்.

கீழ் வீட்டில் நான் காப்பாற்றாமல் விட்ட ஒரு குடும்பம் உண்டு. படகில் இடம் இல்லை என்று திரும்பிவிட்டேன். இதில் அந்த வீடு பூட்டியே இருக்கிறது. யாரும் எதுவும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் வாசலைக் கழுவும்போது அந்த வாசலையும் சேர்த்துக் கழுவிவிட்டுப் போகிறாள். அவ்வளவுதான். அதற்கு மேல் உடனே விளையாட முடியாமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

அக்கா கேட்டாள், "எப்படி இருக்கு?"

"ரெண்டாவது தெருவுல ஒரு வாளி அந்தரத்துல தொங்குது."

"அது தெரியும்டீ. வேற?"

"அந்தப் பக்கத்து வீட்டுக்காரி."

அக்கா துணி காயப்போடக் கிளம்பினாள். முகத்தை மறைக்கத்தான்.

நவம்பர் 28, வெள்ளி

அக்கா இன்று சாப்பிடும்போது சொன்னது. அவள் கம்பெனி மேலிடம் ஜனவரியில் கூடி முடிவெடுக்கிறதாம். 'வடிந்த பின்' சுமாராகத்தான் விற்றிருக்கிறது. "ரெண்டு சைட்டோட வருஷப் பட்டியல்ல பேர் வந்தா அடுத்த பாகத்துக்கு டீமை வெச்சுக்குவாங்களாம். இல்லேன்னா கலைச்சிடுவாங்களாம்."

ஒரு சைட் ஏற்கெனவே போட்டுவிட்டது. இன்னும் ஒன்று வேண்டும். மீதி சைட்டுகள் எல்லாம் பட்டியலை வெளியிட்டு முடித்தாயிற்று. நாங்கள்தான் பாக்கி.

இதை அவள் சொல்லவில்லை. எனக்கும் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். ரசம் போதுமா என்று அம்மாவைக் கேட்டாள். பேச்சை மாற்றுவதில் அவ்வளவு மோசம் அவள்.

எத்தனை பேர் எத்தனை நாள் உட்கார்ந்து செய்த வேலை. அதன் தலைவிதியை டயர் கடை மாடியில் வடை தின்றுகொண்டு கை தூக்கும் ஐந்து பேர் எழுத வேண்டும். அந்த ஐந்தில் ஒருத்தி நான்.

டிசம்பர் 1, திங்கள்

விதி இதுதான்: கேம் செய்தவர் சொந்தமோ நண்பரோ என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அதற்கு ஓட்டுப் போடக் கூடாது. போன வருடம் ஸ்பாய்லர் தன் சிநேகிதன் கேமை வானளாவப் புகழ்ந்தபோது நான் போட்ட சண்டையில் வந்த விதி. (ஸ்பாய்லர் — எங்கள் ஐந்து பேரில் ஒருவன், எந்தக் கதையின் முடிவையும் போட்டு உடைப்பதால் வந்த பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை.) அன்று எல்லாரும் என்னை முறைத்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

இன்று ஆசிரியரிடம் சொன்னேன். "நீயே வந்து சொன்னது ரொம்பப் பெரிய விஷயம்மா" என்றார். பெரிய விஷயம்தான்.

ஸ்பாய்லர் தைரியம் சொன்னான். "நீ ஏன் பதறுற? நான் கை தூக்கறேன். வீடியோக்காரி அந்த வாசல் கழுவற இடத்துல அழுதே இருக்கா. ரெண்டு ஓட்டு ஆச்சு." வீடியோக்காரி எங்கள் சைட்டுக்கு வீடியோ விமர்சனம் செய்கிறவள். அழுததை ஒப்புக்கொண்டாள்.

சரி. நான் தேவையில்லை. நல்ல வேலை நல்ல வேலையாகவே ஜெயிக்கட்டும்.

டிசம்பர் 5, வெள்ளி

எக்ஸ்பான்ஷனுக்கு மூன்று இடம். முதல் இரண்டிலும் தகராறு இல்லை. மூன்றாவது இடம் வந்தபோது நான் எழுந்து வெளியே போனேன். நடைபாதையில் தண்ணீர்க் கேன் பக்கத்தில் நின்றேன். கண்ணாடிக் கதவு. சத்தம் வராது, கை தெரியும்.

எதிரே நின்றது வாள்சண்டைக் கேமின் எக்ஸ்பான்ஷன். அதே வாள், அதே சண்டை, நிலா மட்டும் சிவப்பு. அதற்கு ஆசிரியர் கை, விளம்பரப் பிரிவுக்காரர் கை. 'வடிந்த பின்'னுக்கு வீடியோக்காரியின் கை.

ஸ்பாய்லர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு தடவையும்.

சமமாக வந்தால் இரண்டையும் போடுவதுதான் வழக்கம். ஒரு கை. ஒரே ஒரு கை. அது கேன் பக்கத்தில் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஸ்பாய்லர் வெளியே வந்ததும் அவனைப் பிடித்தேன். "அந்தக் கம்பெனி மூணு மாசத்துக்கு விளம்பரம் போட்டிருக்காம். மத்தியானம் ஆசிரியர் கூட்டிட்டுப் போய்ச் சொன்னாரு. எதிர்த்தும் தூக்கல, பார்த்தியா?" என்கிறான். எதிர்த்துத் தூக்காததற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமாம்.

எல்லார் மேசையிலும் அந்தக் கம்பெனி அனுப்பிய பொம்மை வாள் ஒன்று நிற்கிறது. என் மேசையிலும்தான். பேனாவைச் சாய்த்து வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

பட்டியல் வெளிவந்தது. கடைசியில் தடித்த எழுத்தில், என்னைக் கேட்காமலே:

'எங்கள் குழுவில் ஒருவர், தன் சகோதரி பணியாற்றிய எக்ஸ்பான்ஷன் போட்டியில் இருந்ததால் தானாகவே வாக்களிப்பிலிருந்து விலகினார். இந்தப் பட்டியலின் நேர்மைக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?'

வாசகர்கள் உருகுகிறார்கள். 'இந்தக் காலத்தில் இப்படி ஒரு சைட்டா!' விலைபோன பட்டியலுக்கு நான்தான் முத்திரை. ஓட்டுப் போட்டிருந்தால் வெறும் ஒரு ஓட்டு. போடாததால் மொத்தப் பட்டியலையும் வெள்ளையடித்துக் கொடுத்திருக்கிறேன்.

சாயங்காலம் அக்கா ஃபோனை நீட்டினாள்.

"இது நீயா?"

"ஆமா."

"எத்தனை ஓட்டுல போச்சு?"

சொன்னேன்.

"ஓட்டுப் போடக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

"விதிதான்க்கா."

"யாரு போட்ட விதி?"

"நான்தான்."

"அந்த ரூம்ல மத்தவங்களுக்கும் விதி இருந்துச்சா?"

ஃபோனை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"அப்ப நீ நல்லவளா இருக்கறதுக்கு நான் ஒருத்திதான் கெடச்சேனா?"

"நீ எங்கிட்டக் கேக்கவே இல்லையேக்கா."

"கேட்டிருந்தா போட்டிருப்பியா?"

மாட்டேன் என்றேன். ஏன் சொன்னேன்? பொய்யாக ஒரு 'தெரியலக்கா' சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அதற்கும் இந்த வாய்க்கு வழியில்லை. அவள் கோபப்படவில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

டிசம்பர் 10, புதன்

அக்கா பேசவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

அம்மா வழியாகப் பேசுகிறாள். "அவளை மோட்டார் போடச் சொல்லும்மா." நான் இரண்டடி தள்ளித்தான் நிற்கிறேன்.

ஜனவரி 13, செவ்வாய்

டீமைக் கலைத்துவிட்டார்கள். அம்மாதான் சொன்னாள்.

காலையில் எல்லாரையும் வீடியோ கூட்டத்துக்குக் கூப்பிட்டு, யாரோ ஒருவர் எழுதி வைத்ததைப் படித்தாராம். 'கனத்த இதயத்துடன்' என்றாராம். கூட்டம் முடிவதற்குள் யாருடைய கடவுச்சொல்லும் வேலை செய்யவில்லை. அக்கா அந்த அந்தரத்து வாளியைச் சரிசெய்த பதிப்பை நேற்றுதான் முடித்திருந்தாளாம். அனுப்ப முடியவில்லை. கனத்த இதயத்துக்குக் கை மட்டும் சுறுசுறுப்பு.

சமையலறையில் நின்றிருந்தாள். "அக்கா" என்றேன். பாலைப் பார்த்துக்கொண்டே, "பொங்கிடும், தள்ளு" என்றாள். ஒரு மாதம் கழித்து என்னிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு.

பிப்ரவரி 3, செவ்வாய்

அந்த அடிக்குறிப்பை எடுக்கச் சொல்லி ஆசிரியரிடம் சண்டை.

"ஏம்மா, உன் பெருமைதானே அது?"

"சார், வாள்காரங்க விளம்பரம் கொடுத்ததையும் கீழ போட்டுட்டா இதையும் விட்டுடறேன்."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "வேற எங்கயாவது இடம் பாக்கறதுன்னா சொல்லிடு, ஆள் தேடணும்" என்றார்.

இந்த வேலைக்கு வேறு எங்கே இடம் இருக்கிறது? அக்கா வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறாள். அம்மாவின் மாத்திரை என் சம்பளத்தில் வருகிறது. எழுந்து என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். குறிப்பு அப்படியே இருக்கிறது. நானும்.

ஏப்ரல் 3, வெள்ளி

அக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஃபோனில் சக்கரம் சுற்றும் கேம். 'சுழல் மகாராணி'. சுற்றினால் காசு விழும், அல்லது விழப்போவது போல நின்று அடுத்த கட்டத்துக்கு நகரும். நகர்வதுதான் தொழில்.

என்ன வேலை என்று அம்மா கேட்டதற்கு அவள் சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது. "சக்கரம் நிக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு தயங்கணும்னு பாக்கறதும்மா. கொஞ்சம் தயங்கினா ஆளு ஃபோனைக் கீழ வெக்க மாட்டான்."

"பாவம் இல்லையாடீ?"

"சம்பளம் முன்னைவிட ஜாஸ்தி."

வாசல் கழுவும் பெண்ணைச் செய்தவளின் கை.

ஆகஸ்ட் 19, புதன்

'வடிந்த பின்'னை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பராமரிக்க ஆள் இல்லையாம். வீடியோக்காரிதான் காட்டினாள். அக்காவிடம் சொல்லவில்லை. நாங்கள் அந்த அளவுக்குப் பேசிக்கொள்வதில்லை.

நவம்பர் 30, திங்கள்

மறுபடியும் பட்டியல் காலம். இந்த வருடம் ஃபோன் கேமுக்குத் தனிப் பிரிவு. தனிப் பிரிவு ஏன் வந்தது என்று கேட்கக்கூட இல்லை. விளம்பரப் பிரிவுக்காரர் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார்.

'சுழல் மகாராணி' பற்றி நான் எழுத வேண்டுமாம்.

"எங்கக்கா அங்கதான் சார் வேலை பாக்கறா."

"தெரியும்மா. அதான் உனக்குக் கொடுக்கறேன். உள்விவரம் தெரிஞ்சவங்க எழுதினா நல்லா இருக்கும்."

"விதி?"

"அது ஓட்டுக்கு. இது கட்டுரை."

ஸ்பாய்லர் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை அடக்குகிறானா, வெட்கமா, தெரியவில்லை.

டிசம்பர் 2, புதன்

அக்காவின் அறை வாசலில் போய் நின்றேன். காதில் ஹெட்ஃபோன். கழற்றினாள். சொன்னேன்.

திரையில் சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தை நிறுத்தினாள். "எழுது. கட்டுரை வந்தா எங்க டீம்ல பத்துப் பேரை நிரந்தரம் பண்ணுவாங்க. நானும் அதுக்குப் பேர் குடுத்திருக்கேன்."

"நல்ல கேமாக்கா அது?"

"உனக்குத் தெரியாதா?"

தெரியும்.

"நான் இப்ப கேக்கறேன்டீ" என்றாள்.

டிசம்பர் 6, ஞாயிறு

கட்டுரை காலையில் வெளிவந்தது. பொய் என்று ஒரு வரியைக் காட்ட முடியாது. வண்ணம் நன்றாக இருக்கிறது என்று எழுதினேன், இருக்கிறது. ஒலி துல்லியம் என்று எழுதினேன், துல்லியம்தான். 'ஒரு தடவை கையில் எடுத்தால் வைக்க மனம் வராது' என்று எழுதினேன். அதுவும் உண்மை.

மத்தியானம் அக்கா அதை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். சக்கரம் பற்றிய இடத்தில் நிறுத்தி, "இது நான் பண்ணதும்மா" என்றாள். சாயங்காலம் அவளுக்கு ஃபோன் வந்தது. நிரந்தரமாம்.

ஒரு வருடம் கழித்து மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்கா ஆபீஸ் கதை சொன்னாள். நான் ஸ்பாய்லர் கதை சொன்னேன். அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பதான் வீடு வீடா இருக்கு" என்றாள்.

அக்கா தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தாள். சாப்பிட்டேன்.