காலி ஷெட்டுக்குக் காவல்

ஏப்ரல் 9, 2006, ஞாயிறு

ஒடெல் என்னைக் கேட்காமலேயே அந்த டிவி பந்தயத்துக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறான். கட்டிய புருஷன்தான், ஆனால் கார் என்னுடையது! இரண்டு கார், கால் மைல் நேர்ச்சாலை, முந்துகிறவருக்கு மற்றவர் காரும் சொந்தம். தோற்றவர் காமிரா முன்னால் சாவியைக் கொடுத்துவிட்டு, யாரிடமாவது லிஃப்ட் கேட்டு வீடு போய்ச் சேர வேண்டும்.

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிய சம்பளத்தில், பல வருடம் பார்த்துப் பார்த்து நானே பாகம் பாகமாகப் பூட்டிய நோவா கார். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எப்போ?" என்று கேட்டுவிட்டேன்.

மே 6, சனி

பந்தயத்துக்கு முன் இருவரும் ஒருமுறை ஓட்டிக்காட்ட வேண்டுமாம். அதைப் பார்த்துவிட்டு, வேகம் குறைந்த காரை எத்தனை கார் நீளம் முன்னால் நிறுத்துவது என்று பேரம் பேசுவார்கள். ஒடெல் ஏலக் களத்திலேயே வளர்ந்தவன், விடுவானா?

"பாதித் தூரத்துல ஆக்ஸிலரேட்டர்லேருந்து லேசா காலை எடுத்துடு, வெர்லீன். பாவம், இந்தம்மாவுக்கு இவ்ளோதான் வரும்போலன்னு எதிராளி நினைச்சுப்பான்."

முறைத்தேன். ஆனாலும் தினமும் சாயங்காலம் பழகுகிறேன். பாதித் தூரம் வந்ததும் கால் மேலே. கூடவே முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்ளவும் பயிற்சி. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

மே 11

கால் நன்றாகப் படிந்துவிட்டது. முகம் இன்னும் திருட்டு முகம்தான்.

மே 20, சனி

ஓட்டிக்காட்டியபோது நடிப்பு பிரமாதம். எதிராளி மேனார்ட், கென்டக்கிக்காரர். "உங்க வண்டி என்னங்க இப்படி மூச்சு வாங்குது?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். ஒடெல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டே இரண்டு கார் நீளம் வாங்கிவிட்டான்.

பச்சை விளக்கு. நான்தான் முன்னாடி. கண்ணாடியில அவர் வண்டி குட்டியா தெரியுது. ஜெயிச்சாச்சுன்னே நினைச்சேன் — பாதித் தூரம் வந்துச்சு — கால் மேல வந்துடுச்சு. நான் எடுக்கல. சத்தியமா நான் எடுக்கல, அதுவாவே வந்துச்சு! மறுபடி மிதிக்கிறதுக்குள்ள அவர் போயிட்டார்.

மேனார்ட் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் சாவியை வாங்கினார். "குளிர்ல ரெண்டு தடவை மிதிச்சுட்டுக் கிளப்புங்க" என்று நான் சொல்லும்போதே அழுதுவிட்டேன். காமிராக்காரன் ஓடிவந்தான், அவனுக்குக் கொண்டாட்டம்.

மே 21, ஞாயிறு

 

ஒளிபரப்பாகும் வரை முடிவை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஆகஸ்ட் வரை! இந்த ஊரிலா?

ஜூன் 8, வியாழன்

ஷெட்டுக்குள் புல்வெட்டும் மிஷின், நாலு நாற்காலி, மேலே தார்ப்பாய். ஒடெல் பழைய டயரைச் செருகி அதற்கு மூக்கும் வைத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் கார். கிட்டே போனால் தார்ப்பாய் போர்த்திய எருமை.

எதிர்வீட்டு வாண்டா பீச் பழம் வைத்துச் சுட்ட இனிப்பு அப்பம் கொண்டுவந்தாள். கை என் பக்கம், கண் ஷெட் பக்கம்.

"கார் வெளியவே வரலியே?"

"பெயிண்ட் காயுது."

"இத்தனை நாளாவா?"

"ஈரக்காத்து பாரு."

ஒரு மாதமாக எங்கள் இந்தியானா மாநிலத்தில் ஒரு சொட்டு மழை கிடையாது. "ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டுப் போனாள். இவ்வளவு சுலபமாக நம்புகிறாளே என்று எனக்கே பாவமாக இருந்தது.

ஆகஸ்ட் 17, வியாழன்

ஒளிபரப்பைப் பார்க்க சர்ச் கூடத்தில் ஊரே திரண்டுவிட்டது. பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லிக் குழம்பு, சோள ரொட்டி, சுவரில் என் பெயர் போட்ட துணி. பச்சை விளக்கு விழுந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கத்தினார்கள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதே பாதித் தூரம், என் கால் மேலே.

 திரையில் என் முகம் சுவர் அளவுக்கு அழுதது. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது.

வாண்டாதான் முதலில் பேசினாள். "சரி, இனிமேலாவது அந்த நாற்காலியையெல்லாம் வெளிய எடுத்துப் போடுங்க."

"உனக்கு... தெரியுமா?"

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை விடிஞ்சா நீ வண்டியைக் கிளப்புவ, எங்க வீட்டு ஜன்னலெல்லாம் அதிரும். மே மாசத்துலேருந்து சத்தமே இல்ல. ஊருக்கே தெரியும்."

"அப்புறம் எதுக்குடி அப்படிக் கத்துனீங்க?"

அவள் என்னைப் பார்க்காமல் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே சொன்னாள்: "ஒருவேளை டிவிலயாவது ஜெயிச்சுடுவியோன்னுதான்."

நான் அழுதேன். இந்த முறை காமிரா இல்லை. ஒடெலும் அழுதான், சில்லியில் காரம் என்றான்.

அக்டோபர் 15, ஞாயிறு

விடிந்ததும் விடியாததுமாக மூன்று வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. மூன்றும் திட்டு. வாண்டாவின் குரல்தான் அதிகம். நான் பூட்டிக்கொண்டிருக்கும் புதுக் காருக்கு இன்னும் சைலன்சர் மாட்டவில்லை என்று சொல்லி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். கையெல்லாம் கிரீஸ், பேனா வழுக்குகிறது.